என் பிரெஞ்சு ஆண்பாலாக இருந்த காலம்

நான் படித்த முதல் பிரெஞ்சுப் பெயரடை ‘ஷோ’. சூடான என்று அர்த்தம். 2013 மார்கழியில் பாரிசுக்கு வந்து மூன்றாம் நாளோ நாலாம் நாளோ, இவர் சோற்றுப் பானையைத் துணியால் பிடித்துத் தூக்கிக்கொண்டு “ஷோ தெவான், ஷோ தெவான்” என்று கத்தியபடி என்னைத் தாண்டிப் போனார். சூடு வருகுது, ஒதுங்கு என்பதுதான் அது. இங்கே ரெஸ்ரோரண்டுகளில் கையில் சட்டியும் தட்டுமாகத் திரும்புகிறவர்கள் கத்துவது. வீட்டில் நாங்கள் இரண்டே பேர். பானை போகிற தூரம் நாலு அடி. ஆனாலும் அந்தக் கத்தல் இல்லாமல் அவருக்குப் பானை தூக்க வராது.

அவர் வகுப்புக்குப் போய்ப் பிரெஞ்சு படித்தவர் அல்ல. கோப்பை கழுவி, வெங்காயம் உரித்து, பிறகு மெல்ல மெல்ல அடுப்புப் பக்கம் நகர்ந்தவர். யாழ்ப்பாணத்தில் அடுக்களையைக் குசினி என்போம்; போர்த்துக்கேயர் விட்டுப்போன சொல். பிரெஞ்சிலும் அது ‘குயிசின்’ தான். அந்தக் குசினியில் பிறந்த பிரெஞ்சைத்தான் முதல் ஆறு மாதமும் நான் அவரிடம் வாங்கிச் சேர்த்தேன். சின்ன என்றால் ‘பெத்தி’. பெரிய ‘கிரான்’. ஆயத்தம் ‘ப்ரே’. சந்தோசம் ‘கோன்தான்’. பச்சை ‘வேர்’. ஒரு நாற்பது பக்கக் கொப்பியில் தமிழில் எழுதி வைத்துப் பாடமாக்கினேன்.

அதில் இருந்த கோளாறு வகுப்பில்தான் வெளித்தது. அந்தக் காலத்தில் புதிதாக வந்து இறங்குகிறவர்கள் அரசாங்கத்தோடு ஒரு வரவேற்பு ஒப்பந்தத்தில் கையெழுத்து வைக்க வேணும். பிரெஞ்சு போதாதென்று கண்டால் இலவச வகுப்புக்கு அனுப்புவார்கள். மாலி, பங்களாதேஷ், சீனா என்று பல தேசத்து ஆக்கள் பதினைந்து பேர் இருந்தோம். ஒருநாள் சின்னச் சோதனை. தாளைக் கொடுக்க முதல் ஆசிரியை ஒவ்வொருவராக ஆயத்தமா என்று கேட்டுக்கொண்டு வந்தார். நான் நிமிர்ந்து இருந்து “ஜெ சுவி ப்ரே” என்றேன். “ப்ரெத்” என்றார். அவர் பிழையாகச் சொல்கிறார் என்று நினைத்து “ப்ரே” என்று திரும்பவும் அழுத்திச் சொன்னேன். சிரித்துக்கொண்டு என் கொப்பியை வாங்கிப் பார்த்தார். தமிழ் எழுத்து, அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஒவ்வொரு சொல்லாக வாசிக்கச் சொன்னார். வாசித்து முடித்ததும் கேட்டார்: “இதெல்லாம் சொல்லித் தந்தது உங்கள் கணவரா?”

ஓம் என்று தலையாட்டினேன்.

“அதுதான் நீங்கள் ஒரு மெசியே மாதிரிக் கதைக்கிறீர்கள்.”

கடையிலும் பஸ்ஸிலும் மருத்துவமனையிலும் ஆறு மாதமாக நான் ஆயத்தமான ஆம்பிளையாக, சந்தோசமான ஆம்பிளையாகத் திரிந்திருக்கிறேன். ஒரு பிரெஞ்சுக்காரர்கூடத் திருத்தவில்லை. நாகரிகமாம். இந்த நாகரிகத்தால் எத்தனை பேர் எத்தனை வருசம் பிழையாகக் கதைத்துக்கொண்டு திரிகிறார்களோ தெரியாது.

இந்த இடத்தில் நாங்கள் சறுக்குவதற்கு எங்கள் தமிழும் ஒரு காரணம். ‘நல்ல’ என்ற சொல் யாரையும் திரும்பிப் பார்க்காது. நல்ல பெடியன், நல்ல பெட்டை, நல்ல மாடு, நல்ல ஆக்கள். சொல் அப்படியே நிற்கும். ஆனால் அதே சொல்லை வசனத்தின் கடைசிக்குக் கொண்டுபோய்ப் பாருங்கள்: அவன் நல்லவன், அவள் நல்லவள், அது நல்லது, அவர்கள் நல்லவர்கள். பாலும் எண்ணும் ஓடிவந்து ஒட்டிக்கொள்கின்றன. நாங்கள் கடைசியில் மட்டும் செய்கிறதைப் பிரெஞ்சுக்காரர் எல்லா இடத்திலும் செய்கிறார்கள், அவ்வளவுதான். ‘நல்லவள் பெண்’, ‘நல்லவர்கள் பிள்ளைகள்’ என்று சொல்கிற மாதிரி. இப்படி நினைத்துக்கொண்ட பிறகு எனக்குப் பாதிப் பயம் போய்விட்டது. மீதிப் பயம், கதிரையும் மேசையும்கூட ஆணா பெண்ணா என்று பார்க்க வேண்டியிருப்பது. அதற்குப் பிறகு வருகிறேன்.

அந்த ஆசிரியை சொன்ன ஒரு வசனம்தான் நான் பிரெஞ்சில் படித்ததிலேயே அதிகம் உழைத்த வசனம்: “பெண்பாலைப் பாடமாக்குங்கள், ஆண்பால் தானாக வரும்.” இலக்கணப் புத்தகங்கள் இதற்கு நேர்மாறாகச் சொல்லும். ஆண்பால் சொல்லை எடு, கடைசியில் ‘எ’ என்ற எழுத்தைச் சேர், பெண்பால் வந்துவிடும் என்று. எழுதுகிறவர்களுக்கு அது சரி. காதால் படிக்கிற என்னைப் போன்றவர்களுக்கு அது தலைகீழ். அந்த ‘எ’ வாயில் வராத எழுத்து. அது செய்கிற வேலை, தனக்கு முன்னால் ஊமையாக நிற்கிற மெய்யைப் பேச வைப்பது. ‘பெத்தி’யின் கடைசியில் எழுத்தில் ஒரு த் இருக்கிறது, ஆனால் சொல்வதில்லை. பெண்பாலில் ‘எ’ வந்து பின்னால் நின்றதும் அந்தத் த் வாய் திறக்கிறது: ‘பெத்தித்’. ‘பெத்தி’யை மட்டும் கேட்ட ஒருத்திக்குப் பெண்பாலில் வரப்போவது த் ஆ, ஸ் ஆ, ஷ் ஆ என்று எப்படித் தெரியும்? பெண்பாலைத் தெரிந்து வைத்திருந்தால் கடைசி ஒலியைக் கடித்துத் துப்பினால் போதும், ஆண்பால் கையில் இருக்கும்.

அன்று இரவே கொப்பியை மறுபக்கம் திருப்பி முதலிலிருந்து எழுதினேன். பச்சை: ‘வேர்த்’, த் போனால் ‘வேர்’. தடித்த: ‘குரோஸ்’, ஸ் போனால் ‘குரோ’. வெள்ளை: ‘பிளான்ஷ்’, ஷ் போனால் ‘பிளான்’. மென்மை: ‘தூஸ்’, ‘தூ’. மீனும் பாலும் புதிதாக இருந்தால் சொல்கிற ‘ஃப்ரெஷ்’, ‘ஃப்ரே’. குளிர்: ‘ஃபுருவாத்’, ‘ஃபுருவா’. ஆயத்தம்: ‘ப்ரெத்’, ‘ப்ரே’. இவருடைய சொற்கள் எல்லாம் வரிசையின் இரண்டாம் இடத்துக்குப் போய்விட்டன. பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் தேத்தண்ணி குடித்தார்.

தமிழில் எழுதிப் படிக்கிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேணும். எங்களிடம் த ஒன்றுதான், பிரெஞ்சில் இரண்டு. ‘பெத்தித்’ கடைசியில் வருவது ‘தம்பி’யின் த. ‘ஃபுருவாத்’, ‘ஷோத்’ இரண்டிலும் வருவது ‘பந்து’வின் த. இரண்டாவது வகைக்குக் கீழே நான் ஒரு கோடு இழுத்து வைத்தேன். அடுத்தது மூக்கொலி. நல்ல என்பதற்கு ஆண்பால் ‘போன்’. இதில் நாக்கு எங்கேயும் தொடக்கூடாது, காற்று மூக்கால் போக வேணும். பெண்பால் ‘பொன்’, நாக்கு பல்லைத் தொட்டு முடியும். பெண்பாலைப் பொன் என்று எழுதுவதில் எனக்கு ஒரு சின்னச் சந்தோசம், மறைப்பானேன்.

கடித்துத் துப்புகிற வித்தை எல்லாச் சொல்லிலும் பலிக்காது. காய்ந்த என்பது பெண்பாலில் ‘செஷ்’, ஆண்பாலில் ‘செக்’. சுறுசுறுப்பு ‘அக்தீவ்’, ஆண்பாலில் ‘அக்தீஃப்’. அழகான, புதிய, பழைய என்ற மூன்றும் தனிக் குடும்பம், அதுகள் பின்னால் வரும். கறுப்பு, நீலம், விலை கூடிய, வடிவான என்கிறவை காதுக்கு இரண்டு பாலிலும் ஒன்றுதான், எழுதும்போது மட்டும் ‘எ’ சேரும். சிவப்பு, மஞ்சள், சுலபம் போன்றவை பிறக்கும்போதே ‘எ’யோடு பிறந்தவை, எழுத்திலும் மாறாது. இவற்றைத் தனியாகப் பாடமாக்க வேண்டியதில்லை. கேட்டுக் கேட்டு வந்துவிடும்.

இனிக் கதிரை மேசைப் பயம். பெயர்ச்சொல்லை ‘லெ’ அல்லது ‘லா’ சேர்த்துப் பாடமாக்கு என்று எல்லோரும் புத்தி சொல்வார்கள். ‘லெ’ ஆண், ‘லா’ பெண். நல்ல புத்திதான். ஆனால் உயிரெழுத்தில் தொடங்குகிற சொல்லுக்கு முன்னால் இரண்டுமே வெறும் ‘ல்’ ஆகச் சுருங்கி ஒட்டிக்கொள்ளும். பால் மறைந்து போகும். தண்ணீர் ‘ஓ’, ‘ல்’ சேர்ந்தால் ‘லோ’. ஆணா பெண்ணா? அந்த ‘லோ’வை நூறு தரம் சொன்னாலும் தெரியாது. குளிர்ந்த தண்ணீர் ‘ஓ ஃபுருவாத்’, சுடுதண்ணீர் ‘ஓ ஷோத்’, ரெஸ்ரோரண்டில் வாயு இல்லாத சாதாரணத் தண்ணீர் ‘ஓ பிளாத்’ என்று கேட்டவளுக்கு அது பெண் என்று காதே சொல்லிவிடும். அதனால் உயிரில் தொடங்குகிற ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு பெயரடையைக் கட்டி வைத்தேன். அதுவும் இரண்டு பாலிலும் நன்றாக வேறுபட்டுக் கேட்கிற பெயரடையாகப் பார்த்து. வெள்ளை இதற்குத் தோதானது. அலுமாரி: ‘ஆர்முவார் பிளான்ஷ்’. தலையணை: ‘ஒரெயே பிளான்’. வீட்டில் அலுமாரி மண்ணிறம்தான். ஆனால் கொப்பியில் எல்லாம் வெள்ளை.

2017 புரட்டாதியில் மகளை மூன்று வயதுப் பள்ளிக்கூடத்தில் விட்டதும் நான் ஒரு ஹோட்டலில் அறை துப்புரவாக்கும் வேலைக்குச் சேர்ந்தேன். அங்கே நாள் முழுக்கத் தேவைப்பட்டது இரண்டே பெயரடை. சுத்தமான, ‘ப்ரொப்ர்’. அழுக்கான, ‘சால்’. இரண்டும் ‘எ’யோடு பிறந்த சாதி, பால் மாறாது. பாலில் தப்பினேன், இடத்தில் மாட்டினேன்.

தமிழில் அடை முன்னால்தான் நிற்கும். சுத்தமான அறை. பிரெஞ்சில் பெரும்பாலும் பின்னால்: ‘ஷாம்ப்ர் ப்ரொப்ர்’, அறை சுத்தமான. எனக்கு அது தெரியாமல் இல்லை. ஆனால் அவசரத்தில் வாய் தமிழ் வழியில்தான் போகும். ஒருநாள் காலை மேற்பார்வை செய்கிற அம்மா போனில் எடுத்து, இரண்டாம் மாடி மூலை அறை என்ன நிலை என்று கேட்டார். நான் துடைத்து முடித்த அறை. “சே மா ப்ரொப்ர் ஷாம்ப்ர்” என்றேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, “உங்களுக்கு இங்கே சொந்த அறை இருப்பது எனக்குத் தெரியாமல் போச்சே” என்றார். ‘ப்ரொப்ர்’ பின்னால் நின்றால் சுத்தமான. முன்னால் நின்றால் சொந்த. பாரிஸ் நடுவில் ஹோட்டல் அறையொன்றை என் பெயரில் எழுதிக்கொண்டிருந்தேன்.

‘சால்’ இன்னும் மோசம். அறையை நாறவைத்துவிட்டுப் போன ஒருவரைப் பற்றிக் குறிப்புக் கொப்பியில் எழுத வேண்டி வந்தது. அழுக்கான வாடிக்கையாளர் என்று நினைத்து ‘சால் கிளியான்’ என்று எழுதிவிட்டேன். முன்னால் நிற்கும் ‘சால்’ ஓர் ஏச்சு. கேவலம் கெட்டவன் என்கிற மாதிரி. மேற்பார்வை அம்மா அந்தத் தாளைக் கிழித்து மடித்துத் தன் பைக்குள் வைத்தார். அந்த அறையைப் பார்த்தவள் என்ற முறையில் சொல்கிறேன், முன்னால் போட்டதும் பொருத்தம்தான்.

எவை முன்னால் வரும் என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. அழகு, வயது, நல்லது கெட்டது, அளவு. வடிவான, இளைய, பழைய, புதிய, நல்ல, கூடாத, பெரிய, சின்ன, தடித்த. வாயில் தேய்ந்து தேய்ந்து சின்னதாகிப் போன அன்றாடச் சொற்கள். முதலாவது, மற்றது என்கிறவையும் இவற்றோடு சேரும். நிறம், வடிவம், நாடு, மதம், எதனால் செய்தது என்பதெல்லாம் பின்னால். இந்தப் பட்டியலைப் பாடமாக்க ஒரு பின்னேரம் போதும். இரண்டு பக்கமும் நின்று அர்த்தம் மாறுகிறவைதான் வருடக் கணக்கில் வதைக்கும். ‘ஆன்சியான்’ என்பது பின்னால் நின்றால் பழமையான, முன்னால் நின்றால் முந்தி அப்படி இருந்த. நான் ஓர் ‘ஆன்சியான் ஹோட்டலில்’ வேலை செய்கிறேன் என்று மகளின் பள்ளி வாசலில் ஒரு தாயிடம் பெருமையாகச் சொல்ல, “அப்படியா, இப்போது அது என்னவாக இருக்கிறது?” என்று கேட்டாள். கிழமையோடு ‘தெர்னியே’ சேரும்போதும் கவனம். அதன் பெண்பால் ‘தெர்னியேர்’ பின்னால் நின்றால் போன கிழமை, முன்னால் நின்றால் கடைசிக் கிழமை. லீவு கேட்கும்போது இதில் பிழை விட்டால் முடிந்துபோன கிழமைக்கு லீவு கேட்டவராவீர்கள்.

இதற்கு நான் ஒரு குறுக்குவழி வைத்திருக்கிறேன். பின்னால் நிற்பது கண்ணால் காண்பது. முன்னால் நிற்பது மனம் சொல்வது. ஏழை பின்னால் வந்தால் கையில் காசில்லாதவர், முன்னால் வந்தால் ஐயோ பாவம். ‘கிரான்’ பின்னால் வந்தால் நெட்டையான ஆள், முன்னால் வந்தால் பெரிய மனுசன். எங்கள் ‘பெரிய மனுச’னின் உயரத்தை யாராவது அளந்து பார்க்கிறார்களா? அதே மாதிரித்தான். எல்லா இடத்திலும் சரிவராவிட்டாலும் பத்தில் ஏழு தரம் காப்பாற்றும்.

பின்னால் வரும் என்று சொன்ன அந்தத் தனிக் குடும்பத்தைப் பார்ப்போம். அழகான என்பதற்கு ஆண்பால் ‘போ’, பெண்பால் ‘பெல்’. புதிய: ‘நூவோ’, ‘நூவெல்’. பழைய: ‘வியே’, ‘வியெய்’. இரண்டு உருவம் போதாதென்று மூன்றாவதும் ஒன்று இருக்கிறது. ஆண்பால் பெயர் உயிரொலியில் தொடங்கினால் ‘நூவோ’ அதற்கு முன்னால் நிற்காது. புது ஹோட்டல் ‘நூவெல் ஓத்தெல்’. அழகான ஹோட்டல் ‘பெல் ஓத்தெல்’. பழைய ஹோட்டல் ‘வியெய் ஓத்தெல்’. எழுத்துக்கூட்டல் வேறு என்றாலும் காதுக்கு இது அப்படியே பெண்பால் ஒலி. மாலை வகுப்பில் இதைக் கேட்டதும் பக்கத்தில் இருந்தவர்கள் எல்லாம் பெருமூச்சு விட்டார்கள். எனக்கு மட்டும் சிரிப்பு வந்தது. நான் புத்தூர்க்காரி.

புது, ஊர் இரண்டும் சேர்ந்தால் புதுஊர் என்று சொல்வோமா? புத்தூர். பெரிய ஊர் பேரூர், சின்ன ஊர் சிற்றூர். ஒரு வீடு, ஆனால் ஓர் ஊர். உயிர் வந்து முட்டும்போது முன்னால் நிற்கிற சொல் உருவத்தை மாற்றி வழி விடுவது எங்கள் காதுக்குப் பிறந்தநாள் தொட்டுப் பழகின விசயம். பள்ளிக்கூடத்தில் புணர்ச்சி என்று நன்னூல் சூத்திரத்தோடு அடித்துப் படிப்பித்தார்கள். அப்போது வெறுத்த பாடம் பாரிசில் கைகொடுத்தது. வகுப்பில் எழும்பி என் ஊர்ப்பெயரைப் பலகையில் பிரித்து எழுதிக் காட்டினேன். அங்கே வேறு ஒருவருக்கும் தமிழ் தெரியாது, ஆனாலும் எல்லோரும் கொப்பியில் எழுதிக்கொண்டார்கள்.

இந்தப் புணர்ச்சி மற்றச் சொற்களிலும் உண்டு. ‘பெத்தி’யின் ஊமைத் த், உயிர் வந்தால் விழித்துக்கொள்ளும்: சின்ன ஹோட்டல் ‘பெத்தித் ஓத்தெல்’. ‘போன்’ உயிருக்கு முன்னால் ‘பொன்’ ஆகிவிடும். ‘கிரான்’ மட்டும் ஒரு குறும்பு செய்யும். அதன் பெண்பால் ‘கிராந்த்’ இல் பந்துவின் த. ஆனால் ‘கிரான் தோத்தெல்’, பெரிய ஹோட்டல் என்னும்போது இடையில் வருவது தம்பியின் த. எழுத்தில் பந்து, வாயில் தம்பி. ஏன் என்று கேட்காதீர்கள், மூன்று தரம் சத்தமாகச் சொல்லிப் பழகுங்கள்.

பெண்பால் எனக்கு நன்றாகக் கைவந்துவிட்டது என்று மிதப்பில் இருந்தபோதுதான் 2019 ஆடி வந்தது. 25 ஆம் திகதி பாரிசில் 42.6 பாகை. இந்த நகரம் அதற்கு முதல் கண்டிராத வெக்கை. குளிரூட்டி இல்லாத மேல்மாடியில் கட்டில்களுக்கு விரிப்பு மாற்றி இறங்கி வந்து, உடுப்புத் தோய்க்கிற அறையில் நின்ற எல்லோருக்கும் கேட்க “ஜெ சுவி ஷோத்” என்றேன். ‘ஷோ’ இல்லை, ‘ஷோத்’. பெண் சொன்னால் பெண்பால். இலக்கணத்தில் ஒரு பிழையும் இல்லை. அங்கே நின்ற இரண்டு பெடியள் துவாயால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினார்கள். ஐவரி கோஸ்ட்டிலிருந்து வந்த ஓர் அக்கா என்னை மூலைக்கு இழுத்துக்கொண்டுபோய்க் காதுக்குள் விளக்கம் சொன்னாள். அந்த விளக்கத்தை இங்கே எழுத மாட்டேன். வெக்கை தாங்கவில்லை என்பதற்குப் பதிலாக நான் வேறொரு தவிப்பை அறிவித்திருந்தேன் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

உடம்புக்குச் சூடோ குளிரோ தெரிந்தால் பிரெஞ்சில் ‘நான் சூடாக இருக்கிறேன்’ என்று சொல்வதில்லை, ‘என்னிடம் சூடு இருக்கிறது’ என்று சொல்ல வேணும்: ‘ஜே ஷோ’, ‘ஜே ஃபுருவா’. நாங்களும் ‘எனக்குக் குளிருது’ என்றுதானே சொல்கிறோம், ‘நான் குளிர்கிறேன்’ என்றா? இந்த இடத்தில் பெண் சொன்னாலும் ‘ஷோ’ தான், மாறவே மாறாது. பின்னேரம் வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னேன், நீங்கள் முதல்நாள் சொல்லித் தந்தது ஓர் இடத்தில் சரி என்று. எந்த இடம் என்று கேட்டார். சொல்லவில்லை.

மாறாதவை இன்னும் சில உண்டு. மண்ணிறத்துக்குச் சொல்கிற ‘மாரோன்’ ஒரு கொட்டையின் பெயர், ‘ஒரான்ஜ்’ தோடம்பழம். பழத்தின் பெயரை நிறத்துக்கு வைத்ததால் அவை பெயரடை மாதிரி வளைய மறுக்கின்றன. எத்தனை சோடிச் சப்பாத்து என்றாலும் ‘மாரோன்’ தான். எங்கள் கத்தரிப்பூ நிறம் மாதிரி. ஆனால் ரோசாவின் பெயரில் வந்த ‘ரோஸ்’ பழகிப் பழகி முழுப் பெயரடையாகிவிட்டது, பன்மையில் அதற்கு ஸ் சேர்க்க வேணும். கடுநீலம், இளம்பச்சை என்று இரட்டையாக வந்தால் இரண்டுமே அசையாது.

மாலை வகுப்பில் நாங்கள் பதினொரு பெண்கள், ஓர் ஆண். 2017 கார்த்திகையில் ஆசிரியை ஒரு பத்திரிகைச் செய்தியைக் கொண்டுவந்தார். ஆணும் பெண்ணும் கலந்து இருந்தால் பெயரடை ஆண்பாலில்தான் வர வேணும், ‘ஆண்பால் வெல்லும்’ என்று பிள்ளைகளுக்கு இனிமேல் படிப்பிக்க மாட்டோம் என 314 ஆசிரியர்கள் கையெழுத்திட்டு அறிக்கை விட்டிருந்தார்கள். 17 ஆம் நூற்றாண்டு வரைக்கும் பக்கத்தில் நிற்கிற பெயரைப் பார்த்துப் பெயரடையை மாற்றுகிற வழக்கமும் இருந்ததாம். அதே மாதம் பிரதமர் எதுவார் ஃபிலிப், அரசிதழில் வரும் ஆவணங்களில் இரண்டு பாலையும் புள்ளி வைத்துச் சேர்த்து எழுதும் முறை வேண்டாம் என்று சுற்றறிக்கை விட்டார். எங்கள் வகுப்பைப் பற்றி ஒரு வசனம் எழுதுங்கள் என்றார் ஆசிரியை. பதினொரு பெண்களும் அந்த ஒருவருக்காக ஆண்பாலில் எழுதினோம். அந்த மனிசன் கூச்சத்தில் தலை நிமிரவே இல்லை. தமிழில் இந்தச் சண்டைக்கு இடமில்லை. நல்லவர்கள் என்றால் எல்லோரும்தான். அந்த ஒரு விசயத்தில் எனக்கு எங்கள் மொழியில் பெருமை.

2021 இல் பிரஜாவுரிமைக்காக டெல்ஃப் பி1 என்ற பிரெஞ்சு மொழிச் சோதனை எடுத்தேன். எழுத்துப் பகுதியில் குறைந்தது 160 சொல்லில் ஒரு கட்டுரை. கடைசிப் பத்து நிமிடத்தை ஒன்றுக்கு மட்டும் ஒதுக்கினேன். ஒவ்வொரு பெயரடையிலிருந்தும் அதன் பெயர்ச்சொல்லுக்குப் பென்சிலால் மெல்லிய கோடு இழுத்து, கோட்டின் இரண்டு முனையும் ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பது. வேறு ஒன்றையும் திருத்தவில்லை. மூன்று ‘எ’, இரண்டு ஸ் விடுபட்டிருந்தன. காதுக்குக் கேட்காத எழுத்துகள். கதைக்கும்போது தேவையே இல்லாதவை, எழுதினால் கண்ணுக்குக் குத்துபவை. அதற்குப் பிறகு கோடுகளை அழித்தேன்.

கேட்காத எழுத்து எவ்வளவு தூரம் போகும் என்று எங்கள் வீட்டுக்கு விளங்கினது அதற்கு முந்தின வருசம். 2020 பங்குனி 17 இலிருந்து ஊரடங்கு. வாசலுக்கு வெளியே போனால் கையில் ஒரு பத்திரம் இருக்க வேணும்: கீழே ஒப்பமிடும் நான், இன்ன திகதி பிறந்த நான், இன்ன காரணத்துக்காக வெளியே போகிறேன் என்று. வீட்டில் அச்சு மெசின் இல்லாதவர்கள் வெள்ளைத் தாளில் கையால் எழுதலாம். ‘ஜெ சூசிஞே’ என்று தொடங்கும். ஒப்பமிடுகிறவன், ஒப்பமிடுகிறவள் இரண்டும் காதுக்கு ஒன்று. பெண் எழுதினால் ‘எ’ ஒன்று கூட. பிறந்தவன் பிறந்தவளுக்கும் அதே கதை. இவருடைய ரெஸ்ரோரண்டும் பூட்டு, என் ஹோட்டலும் பூட்டு. காலையில் தேத்தண்ணியோடு இருந்து இரண்டு தாள் எழுதுவேன், ஒன்று ‘எ’யோடு, ஒன்று ‘எ’ இல்லாமல்.

ஒரு பின்னேரம் நான் மகளைக் குளிக்க வார்த்துக்கொண்டிருந்தேன். பால் முடிந்துவிட்டது என்று இவரே என் தாளைப் பார்த்துக் கொப்பியடித்து, பெயரையும் பிறந்த திகதியையும் மட்டும் தன்னுடையதாக மாற்றிக்கொண்டு போய்விட்டார். கடை முனையில் பொலிஸ். தாளை வாங்கி வாசித்த பெடியன் இவருடைய மீசையைப் பார்த்தானாம், திரும்பத் தாளைப் பார்த்தானாம், பிறகு மரியாதையாக, “நல்லது மடாம், போய்வாருங்கள்” என்றானாம்.

பால் பெட்டியை மேசையில் வைத்துவிட்டு, “உம்மட பிரெஞ்சைப் பாத்து எழுதினால் இப்பிடித்தான்” என்றார்.

“ஆறு மாதம் நான் மெசியேயா இருந்தனான்” என்றேன். “நீங்கள் ஒரு அரை மணித்தியாலம் இருங்கோ.”